ரெஃபரியைத் தேடி மலபாருக்கு

வாளையாறு

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் வண்டி நுழைந்த மாத்திரத்தில் காற்றின் குணமே மாறிவிடுகிறது என்று இந்த வழியே போய்வந்தவர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். காற்று மாறியதோ இல்லையோ, சுவர்கள் மாறின என்பதற்கு நான் சாட்சி. கோயம்புத்தூர் வரையில் சுவர்களை ஆக்கிரமித்திருந்த நடிகர்களும், தலைவர்களும், காதணி விழாக் குழந்தைகளும் மலைத்தொடரின் இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட, அப்பால் மதிலுக்கு மதில் மெஸ்ஸியும், பஸ் நிழற்குடையில் நெய்மாரும், மீன்கடைப் பந்தலின் மேல் ரொனால்டோவுமாக ஒரு புதிய பரிவாரம் எங்களை எதிர்கொண்டது. 2022ஆம் வருஷத்து டிசம்பர் மாதம் அது. கத்தாரில் நடந்துகொண்டிருந்த உலகக் கோப்பை கால் இறுதியை எட்டியிருந்தது.

எங்கள் காவிரிக் கரை ஊரில் கால்பந்து ரசிகனாக இருப்பது கிட்டத்தட்டத் தலைமறைவு வாழ்க்கைதான். டீக்கடைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்று ஓடினால் கல்லாவில் இருப்பவருக்கே உறுத்தும். ஐரோப்பாவில் சாயங்காலமாக இருக்கும் ஆட்டம் நமக்கு நடுநிசியாகிவிடுவதால், வீட்டார் உறக்கம் கலையாதபடி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ரெஃபரி கண்ணெதிரே ஓர் அநியாயத்தைச் செய்யும்போதுகூட வாயைப் பொத்திக்கொண்டு குமைய வேண்டியிருக்கிறது. மறுநாள் காலையில் அந்த ஆதங்கத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் ஆள் கிடையாது. அநியாயம் என்று உரக்கக் கத்துகிறவர்களின் நடுவே ஓர் உலகக் கோப்பையின் கடைசி நாட்களைக் கழித்துவிட வேண்டும் என்ற நெடுநாளைய ஆசைதான் என்னை மலபாருக்கு இழுத்துச் சென்றதே தவிர, சுற்றுலா நோக்கம் ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

திருச்சூர்

வடக்குந்நாதன் ஆலயத்தையும் தேக்கின்காடு மைதானத்தையும் வளைத்துக்கொண்டு ஓடும் ஸ்வராஜ் ரவுண்டில் அன்று மாலை கண்ணில் பட்டவர்களில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். பிரேஸிலுக்கும் குரோஷியாவுக்கும் இரவு எட்டரைக்கு ஆட்டம். இந்த ஊர் ஸ்டேடியத்தில் சிறு பையனாகச் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ. எம். விஜயன் பிற்பாடு இந்திய அணிக்கே தலைவராகி, 1999ஆம் வருஷத்துத் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது விநாடியிலேயே கோல் போட்ட விருத்தாந்தத்தை, நான் விசாரிக்காமலேயே இரண்டு பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், மற்றவர் பழைய புஸ்தகக் கடைக்காரர்.

ஒரு சங்கத்தின் முற்றத்தில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியது போல் பெரிய திரை கட்டியிருந்தார்கள். சூடான பொறோட்டாவும், தேங்காய்த் துண்டுகள் போட்டு வறுத்த மாட்டிறைச்சியும், கட்டன் சாயாவும் ஓயாமல் கைமாறிக்கொண்டிருந்தன. கூடுதல் நேரத்தின் முதற்பாதி முடிகிற தறுவாயில் நெய்மார் கோல் போட்டபோது எழுந்த கூச்சலில் ஆலமரத்துக் காக்கைகள் பறந்ததைக் கண்டேன். ஆனால் 117ஆவது நிமிஷத்தில் பெட்கோவிச் அதைச் சமன் செய்ய, பெனால்டிகளில் ரோட்ரிகோவின் உதையைக் கோல்கீப்பர் தடுக்க, மார்கின்யோஸ் உதைத்த பந்து கம்பத்தில் மோதித் திரும்ப, அந்த முற்றத்தில் அப்படியொரு அமைதி இறங்கிற்று. அந்தச் சமயத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். மஞ்சள் சட்டைக்காரர்கள் ரெஃபரியைப் பற்றி ஏதாவது குறை சொல்ல முடியுமா என்று தங்களுக்குள்ளே மெல்லப் பேசிப் பார்த்தார்கள், எதுவும் அகப்படவில்லை. குற்றம் சாட்ட ஆள் கிடைக்காத தோல்வி எவ்வளவு பாரமானது என்பது அவர்கள் எழுந்து நடந்த நடையிலேயே தெரிந்தது. தொலைக்காட்சிக்காரர்களோ நெய்மாரின் கண்ணீரை ஒரு தடவை காட்டியதோடு திருப்தியடையாமல், அருகில் வைத்து, மெதுவாக ஓட்டி, மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டிலே கூடக் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாகரிகம் மனிதருக்கு உண்டு. காமிராவுக்கு அது இல்லை.

பிரேஸில்காரர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. அர்ஜென்டினா தோற்பதைப் பார்த்தாவது மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நடுநிசி தாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். நெதர்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தை நடத்திய ஸ்பெயின் நாட்டு மாத்தேயு லாஹோஸ் அவர்களை ஏமாற்றவில்லை என்று ஒரு விதத்தில் சொல்லலாம். விசில் ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். மஞ்சள் அட்டைகள் இரு தரப்புக்கும், பெஞ்சில் இருந்தவர்களுக்கும்கூட வந்து விழுந்தன. இரண்டு கோல் பின்தங்கியிருந்த நெதர்லாந்து, நீட்டிக்கொடுத்த நேரத்தின் கடைசியில், ஒரு தந்திர ஃப்ரீ கிக்கில் சமன் செய்தபோது, இரு தரப்பு அபிமானிகளும் ஒரே மனிதரைத் திட்டுகிற அபூர்வ ஒற்றுமை அந்த முற்றத்தில் உண்டாயிற்று. முடிவில் அர்ஜென்டினா பெனால்டிகளில் தப்பியது. ஜெயித்த மெஸ்ஸியே ஆட்டத்திற்குப் பின் ரெஃபரியைக் குறை கூறினார். அந்தப் போட்டித் தொடரில் லாஹோஸ் அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் விசிலைத் தொடவில்லை. என் அபிப்பிராயத்தில் அவர் பட்சபாதம் எதையும் காட்டவில்லை. அவருடைய குறை வேறு: ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் தம்மைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டது போல் இருந்தது.

மலப்புரம்

பாரதப்புழையைத் தாண்டி வடக்கே போகப் போக நிலம் குன்றும் குழியுமாகிறது. சிவந்த வெட்டுக்கல் மதில்கள், கமுகந்தோப்புகள், மசூதிகள், அவற்றுக்கு நடுவே எங்கு கொஞ்சம் சமதரை கிடைத்தாலும் இரண்டு மூங்கில் கம்பங்களை நட்டு ஒரு மைதானம். எங்கள் பக்கம் சமதரைக்குப் பஞ்சமே இல்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்தான். ஆனால் கம்பம் நட யாருக்கும் தோன்றியதில்லை. மலப்புரம் ஆங்கிலப் பட்டாளம் முகாமிட்டிருந்த ஊர். 1921ஆம் வருஷத்து மாப்பிள்ளைக் கலகத்தை ஒட்டி உருவான மலபார் ஸ்பெஷல் போலீஸின் தலைமையிடமும் இதுவே. சிப்பாய்கள் உதைத்த பந்தை ஊர்ப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். பட்டாளம் போன பிறகும் பந்து போகவில்லை.

நான் தங்கிய வீட்டுக்காரர் எழுபதை நெருங்குகிற மர வியாபாரி. நான் அவரை இக்கா என்று அழைத்தேன். அவர் என்னைச் சாரே என்றார். 1986ஆம் வருஷத்தில் தூர்தர்சன் மெக்ஸிகோ ஆட்டங்களைக் காட்டியபோது, தெருவில் ஒரே வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மாரடோனாவைப் பார்த்தவர் அவர், அன்றிலிருந்து அர்ஜென்டினா. ஜூன் 22ஆம் தேதி இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் தட்டிப் போட்ட கோலைப் பற்றிக் கேட்டேன்.

“அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் கை தெரியவில்லை, சாரே. தலைதான் என்று சத்தியம் செய்தோம். பேப்பரில் படம் வந்த பிறகுதான் கை.”

“படத்தைப் பார்த்த பிறகு மனத்துக்கு ஒரு மாதிரி இருந்ததா?”

“எதற்கு? நாலு நிமிஷம் கழித்து இங்கிலாந்துக்காரன் அத்தனை பேரையும் தாண்டிக்கொண்டு போய் இன்னொன்று போட்டானே, அதிலே கை இருந்ததா?”

துனிஷியாவைச் சேர்ந்த அலி பின் நாசர் என்ற அந்த ரெஃபரியை ஆங்கிலேயர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவருக்கு இருந்தவை இரண்டே கண்கள். பக்கத்தில் கொடி பிடித்தவருக்கு இரண்டு. 2022இலோ, கத்தார் அரங்குகளின் கூரைக்கடியில் ஆட்டக்காரர்களைப் பின்தொடர்வதற்கென்றே பன்னிரண்டு காமிராக்கள் பொருத்தப்பட்டு, ஒவ்வொருவர் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு ஐம்பது தடவை அளந்து, பந்தின் வயிற்றுக்குள்ளேயே விநாடிக்கு ஐந்நூறு தடவை செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வைத்து, ஆஃப்சைடைத் தீர்மானித்தார்கள். இக்காவுக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தீராத கோபம். முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவுக்கு எதிராக முதற்பாதியிலேயே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று தள்ளுபடியாகி, கடைசியில் 2-1 என்று தோற்றும் போனது அவருக்கு ஆறாத புண். லவுதாரோ மார்ட்டினெஸின் தோள் ஓர் அங்குலம் முன்னே நின்றதைக் கோடு போட்டுக் காட்டினார்களாம். “தோளாலேயா கோல் போடுகிறான்?” என்று என்னைக் கேட்டார். சட்டப்படி தோளாலும் போடலாம் என்பதை நான் சொல்லவில்லை. விருந்தாளிக்கு அது அழகல்ல.

அரை இறுதிக்கு அவர் வீட்டு மாடியில் உறவினரும் அண்டை அயலாருமாக நாற்பது பேர் கூடினார்கள். அரிசிப் பத்திரியும் கோழிக் கறியும் முடிந்து, பன்னிரண்டரைக்கு ஆட்டம் துவங்கியது. அன்றைய இரவில் நான் கண்ட வேடிக்கை ஆட்டத்தில் இல்லை. இக்காவின் இரண்டாவது மகன் தோஹாவில் வேலை பார்க்கிறவன். எப்படியோ டிக்கெட் சம்பாதித்து அரங்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவன் அனுப்பும் செய்தி இக்காவின் கைப்பேசிக்கு உடனே வந்துவிடும். மாடியிலிருந்த டிஷ் தொலைக்காட்சியில் அதே காட்சி சில விநாடிகள் பிந்தி வரும். எதிர்வீட்டுக் கேபிளில் அது ஒரு கணம் முந்தியோ பிந்தியோ. மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையனுக்கோ அரை நிமிஷம் கழித்து. ஆகையால் ஒரே தெருவில் ஒரே கோல் நாலு தடவை விழுந்தது. 34ஆவது நிமிஷத்தில் அல்வாரெஸ் மீது குரோஷிய கோல்கீப்பர் லிவாகோவிச் மோதியதற்கு இத்தாலிய ரெஃபரி ஓர்சாட்டோ பெனால்டி கொடுத்ததும், மெஸ்ஸி பந்தை வைத்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருக்கையில், இக்காவின் பையில் கைப்பேசி துள்ளியது. அதை எடுத்துப் பார்க்காமலேயே அவருக்குச் செய்தி என்னவென்று தெரிந்துவிட்டது. முகத்தில் வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பைக் கண்டு மாடியே ஆரவாரித்தது. மெஸ்ஸி அதற்குப் பிறகுதான் உதைத்தார். பேரப் பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இனி ஆட்டம் முடியும் வரை ஒரு வார்த்தையும் அனுப்பக்கூடாது என்று மகனுக்கு அப்போதே உத்தரவு போயிற்று.

அந்தப் பெனால்டி சரிதானா? அதற்கு முன்பே தங்களுக்கு ஒரு கார்னர் வந்திருக்க வேண்டும் என்றும், மோதல் தற்செயல் என்றும் குரோஷியர்கள் முறையிட்டார்கள். மோட்ரிச் போன்ற நிதானஸ்தரே ரெஃபரியைக் கடிந்து பேசினார். மாடியிலிருந்த நாற்பது பேருக்கும் அதில் சந்தேகமே இல்லை. திரையில் அந்த மோதலை ஆறு கோணங்களில் காட்டினார்கள். ஒவ்வொரு கோணத்திலும் என் அபிப்பிராயம் மாறிற்று என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

அரீக்கோடு

சாலியாற்றங்கரையில் அரீக்கோடு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆறு அகன்று, மெதுவாக, மணல் திட்டுகளுக்கு இடையே போகிறது. கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் மலைகள் நீலமாக. காவிரிக்காரனுக்குத் தண்ணீரைக் கண்டால் நின்றுவிடத் தோன்றும், நின்றேன். ஆனால் இந்த ஊரார் ஆற்றைப் பற்றிப் பெருமைப்படுவதைவிடத் தங்கள் ஊர் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் பெருமைப்படுகிறார்கள்.

இங்கே எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். ஊர் முழுவதும் அவரை ‘மாஷ்’ என்றே கூப்பிடுகிறது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவராகையால் நல்ல தமிழ் பேசினார். நான் தமிழன் என்று தெரிந்ததும் அவர் முதலில் எடுத்த பேச்சு சைமன் சுந்தரராஜைப் பற்றியது. 1960ஆம் வருஷத்து ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் போட்ட கோலுக்குப் பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் கோல் போட்டதே இல்லை. 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்த அந்த இறுதி ஆட்டத்தில் மூன்று கோலையும் அணித் தலைவர் மணியே போட்டார். “உங்கள் ஆள் இல்லாவிட்டால் எங்களுக்கு அந்தக் கோப்பை ஏது?” என்றார் மாஷ். எங்கள் ஊரில் நூறு பேரைக் கேட்டால் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

மாஷ் செவன்ஸ் ஆட்டங்களுக்கு ரெஃபரி. செவன்ஸ் என்பது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற, மலபாருக்கே உரிய கால்பந்து. அகில இந்தியச் சம்மேளனத்தின் கணக்கில் சேராதது. நவம்பரிலிருந்து மழை வரும் வரை, பயிர் ஏறாத வயல்களில், இரவு விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். மஞ்சேரியிலிருந்து ஒரு குழு தனக்கு ‘பிஃபா மஞ்சேரி’ என்றே பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறது. சூரிச்சில் இருப்பவர்களுக்கு இந்தத் தைரியம் தெரியுமோ என்னவோ. கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் முதலான தேசங்களிலிருந்து இளைஞர்கள் இதற்காகவே வந்து, பருவம் முழுவதும் தங்கி ஆடுகிறார்கள். ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படம் அவர்களில் ஒருவனுடைய கதையைத்தான் சொல்லிற்று.

கமுகு மரங்களையும் மூங்கிலையும் கயிற்றால் பிணைத்து எழுப்பிய காலரியில் ஏறும்போது அது முனகிற்று. அதே வருஷம் மார்ச்சில் காளிகாவுக்குப் பக்கத்தில் இப்படியொரு காலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்த சமாசாரம் நினைவுக்கு வர, நான் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அதனால் ஒரு லாபம்: கோட்டுக்கும் எனக்கும் ஆறடி இடைவெளிகூட இல்லை. ஆட்டக்காரர்களின் மூச்சு கேட்டது. தண்ணீர் தெளித்த மண்ணின் வாசனையும், அவர்கள் தொடையில் தடவியிருந்த தைலத்தின் நெடியும் வந்தன. ஊர் வலிநிவாரண மருத்துவமனைக்காக ஒரு பையன் பிளாஸ்டிக் வாளியைக் குலுக்கிக்கொண்டு போனான். உப்பிலிட்ட நெல்லிக்காயும், வறுத்த கடலையும் விற்றன. தொலைக்காட்சிக்குப் பழகிய கண்ணுக்கு இங்கே முதலில் ஒரு திகைப்பு உண்டாகிறது. ஒரு கோல் விழுந்தால் அது விழுந்ததுதான்; திரும்ப வராது. கவனம் சிதறி நெல்லிக்காயைக் கடித்தவன் அதை இழந்தான். பக்கத்திலிருப்பவன் எழுந்து நின்று கையாலும் காலாலும் நடித்துக் காட்டுவதே மறு ஒளிபரப்பு, அதில் அவன் கட்சியும் கலந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் சம்பவம் நடந்தது. கானா நாட்டு முன்னணி ஆட்டக்காரன் பந்தைத் தள்ளிக்கொண்டு நுழைகையில் தடுப்பாளன் முழங்கையால் இடித்து விழத்தட்டினான். மாஷ் விசில் ஊதி, பெட்டிக்கு வெளியே ஃப்ரீ கிக் என்று கை காட்டினார். காலரி முழுவதும் எழுந்துவிட்டது. சுண்ணாம்புக் கோடு அழிந்துபோயிருந்த அந்த இடத்தில், உள்ளேயா வெளியேயா என்பதை ஈசுவரன்தான் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் தலையைத் தாண்டிக் குதித்துக் கோட்டின் ஓரத்துக்கே போய், மாஷின் கண்களைப் பற்றியும், அவருக்கு விசில் கொடுத்தவர்களைப் பற்றியும், இன்னும் இங்கே எழுதத் தகாத சிலவற்றைப் பற்றியும் ஒரு பிரசங்கமே நிகழ்த்தினார். மாஷ் நிதானமாக அவரருகில் வந்து, இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்து, தட்டுக்கடையில் மாஷும் அதே மனிதரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அவரிடம் என்ன சொன்னீர்கள், மாஷே?”

“இவன் என்னிடம் படித்தவன். ‘போன வருஷம் உன் தங்கை கல்யாணத்தில் எனக்கு மட்டும் பிரியாணியில் கறி குறைந்ததைக் கண்டுபிடித்தது இதே கண்தான்’ என்றேன்.”

“உள்ளேதான் மாஷே இடித்தான்,” என்றார் அந்த மனிதர், ஆம்லெட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

“இருக்கலாம்,” என்றார் மாஷ்.

அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லை உலகக் கோப்பையை நடத்துகிற எந்த ரெஃபரியும் சொல்லக் கேட்டதில்லை.

அன்றிரவே பிரான்ஸுக்கும் மொராக்கோவுக்கும் அரை இறுதி. ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து அரை இறுதி வரை வந்த முதல் நாடு என்பதால் ஊர் மொத்தமும் மொராக்கோ பக்கம். படிப்பகத்தின் திண்ணையில், முழங்காலில் ஐஸ் கட்டிய துணியைச் சுற்றிக்கொண்டு, சற்று முன் மைதானத்தில் விழுந்த அந்தக் கானா இளைஞனும் அவன் தோழனும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு முதல் டம்ளர் சுலைமானி. ஐந்தாவது நிமிஷத்திலேயே ஹெர்னாண்டெஸ் பிரான்ஸுக்குக் கோல் போட்டார். பிற்பாடு, அதே ஹெர்னாண்டெஸ் பெட்டிக்குள் சறுக்கிவந்து பூஃபாலோடு மோத, மெக்ஸிகோ ரெஃபரி சேஸர் ராமோஸ் பெனால்டி கொடுக்காததோடு பூஃபாலுக்கே மஞ்சள் அட்டையும் காட்டினார். திண்ணை கொதித்துவிட்டது. காணொளி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வி.ஏ.ஆர். அறையில் அத்தனை திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள் வாயே திறக்கவில்லை. கானா இளைஞன் ஐஸ் துணியை எடுத்துத் தரையில் அடித்தான். மொராக்கோச் சம்மேளனம் பின்னால் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் ஆனது ஒன்றுமில்லை.

நான் மாஷைப் பார்த்தேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “இந்தத் திண்ணையிலிருந்து பார்த்தால் எனக்கும் பெனால்டிதான். அவன் நின்ற இடத்தில் நின்று, அவன் ஓடி வந்த ஓட்டத்தில் பார்த்தால் எப்படியோ. என் தப்பை இவர்கள் பத்தரை மணிக்குள் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அந்த ஆளை இவர்கள் எங்கே போய்த் திட்டுவார்கள்? நாளைக்கும் அதையே போட்டுக் காட்டுவான், அடுத்த வருஷமும் காட்டுவான்.”

தொலைக்காட்சிப் பெட்டி இரண்டு கட்சிக்கும் நியாயம் வழங்கும் என்று நம்பித்தான் இத்தனை காமிராக்களையும் வைத்தோம். 1966இல் வெம்ப்ளியில் ஹர்ஸ்ட் உதைத்த பந்து கோட்டைத் தாண்டியதா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடுகிறது. 2010இல் லாம்பார்டின் பந்து தெளிவாகத் தாண்டியும் கோல் கிடைக்காமல் போனதால்தான் கோல் கோட்டுக்கே ஒரு கருவி வந்தது. அந்தக் கருவி நல்லது, அதில் வாதத்துக்கு இடமில்லை, கோடு கோடுதான். ஆனால் ஒரு கால் இன்னொரு காலை இடித்தது குற்றமா, விபத்தா என்பது அளந்து பார்க்கிற விஷயமல்லவே! அங்கே திரை செய்வதெல்லாம், முன்பு ஒரு மனிதர் ஒரு கணத்தில் செய்த பிழையை எடுத்து, நாம் எல்லோரும் ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும்படி கொடுப்பதுதான். நடுநிசியில் தனியே உட்கார்ந்து இத்தனை காலம் நான் செய்துவந்தது இதைத்தான் என்று அந்தத் திண்ணையில் எனக்குப் பட்டது.

புல்லாவூர்

இந்த ஊர்ச் சிற்றாற்றின் நடுவிலிருந்த திட்டில் ரசிகர்கள் மெஸ்ஸியின் கட்-அவுட்டை முப்பது அடி உயரத்துக்கு நிறுத்தினார்கள். அதைப் பார்த்துக் கரையில் நெய்மாரை நாற்பது அடிக்கு நிறுத்தினார்கள். இரண்டையும் மட்டந்தட்ட ரொனால்டோ இன்னும் உயரமாக வந்தார். பிஃபாவே அந்தப் படத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டிற்று. ஆற்றின் ஓட்டம் தடைப்படும் என்று புகார் ஒன்றும் கிளம்பியதாம். நான் போனபோது மூவரில் மெஸ்ஸி ஒருவரே போட்டியில் மிஞ்சியிருந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் எந்தக் கட்சி என்று கேட்டேன். “மகன் பிரேஸில், மருமகன் அர்ஜென்டினா. எனக்கு எந்தக் கட்சி இருந்தால் நல்லது, நீங்களே சொல்லுங்கள்,” என்றார். கொச்சிக்குப் பக்கத்தில் பதினேழு பேர் சேர்ந்து, கூடி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதற்கென்றே 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கியிருந்த செய்தியும் அந்த ஆற்றங்கரையில்தான் என் காதுக்கு வந்தது.

கோழிக்கோடு

இறுதி ஆட்டத்தன்று கோழிக்கோட்டில் சாயங்காலமே கடற்கரைப் பக்கம் கால் வைக்க இடமில்லை. நைனாம்வளப்பு என்ற மீனவர் குடியிருப்பில், எந்த நாடு எங்கே இருக்கிறது என்று தெரியாத குழந்தைகூடக் கொடியின் நிறத்தைப் பிழையில்லாமல் சொல்கிறது. மாவு அடைத்துப் பொரித்த கல்லுமக்காயும், மெல்லிய அல்வாத் துண்டுமாகப் பசியாறி, ஒரு பெரிய திரையின் முன் நின்றேன். இக்காவும் பேரன்களோடு வந்து சேர்ந்தார். தோஹா மகனின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டதை முதலில் எனக்குக் காட்டி உறுதி செய்தார்.

ஆட்டத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. பிரான்ஸுக்கு எதிராக 80ஆவது நிமிஷம் வரை அர்ஜென்டினா 2-0. 81ஆவது நிமிஷத்தில் 2-2. மெஸ்ஸி 3-2 ஆக்க, எம்பாப்பே மறுபடி பெனால்டியில் 3-3. கடைசி நொடியில் கோலோ முவானியின் உதையை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்ததை அந்தக் கூட்டத்தில் பலர் பார்க்கவேயில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ரெஃபரியான போலந்து நாட்டு ஷிமோன் மார்ச்சினியாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டி மரியாவின் காலை டெம்பெலே தட்டியதற்குக் கொடுத்த முதல் பெனால்டி, என் கண்ணுக்குச் சற்றுத் தாராளமானது. ஆனால் அதன் பிறகு துராம் பெட்டிக்குள் வேண்டுமென்றே விழுந்தபோது ஒரு கணமும் தயங்காமல் அவருக்கே மஞ்சள் அட்டை காட்டினார். அத்தனை கொந்தளிப்பிலும் அவர் ஓடுவதும், பேசுவதும், சிரிப்பதும் மாஷை நினைவூட்டின. நூற்றிருபது நிமிஷமும், பெனால்டிகளும் முடிகிற வரை ரெஃபரி ஒருவர் இருக்கிறார் என்பதே பெரும்பாலும் மறந்துபோயிருந்தது.

பெனால்டிகளில் 4-2. மொன்டியேலின் உதை வலையில் விழுந்ததும் இக்கா உட்கார்ந்துவிட்டார். சரவெடியும், செண்டையும், கடலுக்குள் ஓடின பையன்களும் என்று அன்றைய கடற்கரை விடிகிற வரை அடங்கவில்லை. அர்ஜென்டினாக்காரர்களே தங்களுக்குக் கைதட்டிய தேசங்களுக்கு நன்றி சொன்னபோது, வங்காளதேசம், இந்தியா, பாகிஸ்தான் என்ற பெயர்களோடு கேரளத்தின் பெயரைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு தேசத்துக்குள் இருக்கும் ராஜ்யத்துக்கு இப்படித் தனிச் சீட்டு கிடைத்ததைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சில தினங்களில் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று ஒரு புது வழக்கைக் கிளப்பியது. மெஸ்ஸியின் இரண்டாவது கோல் விழுகையில் அர்ஜென்டினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் சிலர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்களாம். ஆகவே அது செல்லாதாம். மார்ச்சினியாக் நிருபர்களுக்கு முன்னால் தம் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்: எம்பாப்பே கோல் போட்டபோது பிரான்ஸின் ஆட்கள் ஏழு பேர் உள்ளே நின்றிருந்தார்கள். நான் ஊர் திரும்பிய பின் இதை மாஷிடம் போனில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ரெஃபரியும் படம் காட்டத் தொடங்கிவிட்டானா?” என்றார்.

மறு வருஷம் மார்ச் மாதம் 3ஆம் தேதி இரவு அவரே என்னைக் கூப்பிட்டார். பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் தடுப்புச் சுவரை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே பெங்களூர் அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து வலைக்குள் போட, ரெஃபரி அதைக் கோலாக ஏற்க, பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் வுகோமனோவிச் தம் ஆட்கள் மொத்தப் பேரையும் மைதானத்தை விட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் செயலுக்கு நாலு கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் பிற்பாடு வந்தன. ஆனால் அன்றிரவு மலப்புரம் மாவட்டம் முழுவதும் ஒரே பேச்சு, சேத்ரி செய்தது துரோகம், ரெஃபரி செய்தது கொள்ளை.

“மாஷ் என்ன சொல்கிறீர்கள்?”

“சட்டப்படி கோல்தான், சாரே. விசிலுக்குக் காத்திரு என்று ரெஃபரி சொல்லாவிட்டால் உதைக்கலாம். இதை நான் தட்டுக்கடையில் சொன்னேன். இப்போது எனக்கு யாரும் டீ கொடுப்பதில்லை.”

எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அவ்வளவு பெரிய ஆட்டத்தில் ரெஃபரி ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அரைமணி நேரம் சண்டை போட்டோம். உள்ளேயிருந்து மனைவி, மணி என்ன தெரியுமா என்று கேட்டாள். மறுநாள் சாயங்காலம் கொண்டோட்டிக்கு அருகில் தமக்கு ஒரு செவன்ஸ் ஆட்டம் இருப்பதாகவும், அங்கே ஊர்க்காரர் அத்தனை பேரும் பிளாஸ்டர்ஸ் கட்சி என்றும், தாம் விசிலோடு போவதா ஹெல்மெட்டோடு போவதா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொல்லிவிட்டு மாஷ் போனை வைத்தார்.